ஜோனி மிட்செல் நின்ற இடங்கள்: ஒரு பாடகியின் விருப்பங்களைப் பின்தொடர்ந்த அனுபவம்

இசைக்கலைஞர்கள் தங்களுக்குப் பிடித்த நூல்களையும் ஆல்பங்களையும் திரைப்படங்களையும் பட்டியலிட்டால், நாம் அதை ஆவலோடு படிக்கிறோம். நமக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு பெயர்கள் அதில் இருந்தால் மகிழ்ந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். டேவிட் போவியின் 100 நூல்கள் பட்டியல் 2013இல் வெளியானபோதும், கர்ட் கோபேன் தன் நாட்குறிப்பில் கைப்பட எழுதிவைத்திருந்த 50 ஆல்பங்களின் பட்டியல் அவர் மறைவுக்குப் பின் அச்சில் வந்தபோதும் நான் செய்தது அதைத்தான். அந்தப் பட்டியல்களிலிருந்து எனக்குச் சில நல்ல நூல்களும் பாடல்களும் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் அவை அந்தக் கலைஞரின் பாட்டுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பது மட்டும் விளங்கவே இல்லை.

ஆகவே இந்த முறை ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருடைய விருப்பங்களைக் கடைசிவரை பின்தொடர்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். தேர்ந்தெடுத்தது, கனடாவில் 1943இல் பிறந்த ஜோனி மிட்செலை. அவருடைய குரல்மீது எனக்குள்ள பிரியம் ஒரு காரணம். தன்னை உருவாக்கியவை எவை என்று பேட்டிகளில் அவர் மனம்விட்டுச் சொல்லியிருப்பது இன்னொரு காரணம். நான் வகுத்துக்கொண்ட முறை எளியது. அவர் குறிப்பிட்ட நூலை, ஆல்பத்தை, படத்தை முழுமையாக முடிக்க வேண்டும். அதில் எந்த இடம் அவரைப் பிடித்து நிறுத்தியது என்று தேட வேண்டும். பிறகு கிட்டாரை எடுத்து அவருடைய பாடலை வாசித்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது படி இல்லையென்றால் எல்லாம் வெறும் தகவல் சேகரிப்பாகிவிடும்.

முதலில் எடுத்தது சால் பெல்லோவின் 'ஹெண்டர்சன் த ரெயின் கிங்' நாவல். 1959இல் வெளிவந்த இந்நாவலை 1967இல் ஒரு விமானப் பயணத்தின்போது படித்துக்கொண்டிருந்த மிட்செல், நாயகன் ஆப்பிரிக்காவுக்குப் பறக்கும் வழியில் கீழே தெரியும் மேகங்களைப் பார்க்கும் கட்டம் வந்ததும் புத்தகத்தை வைத்துவிட்டு, தன் ஜன்னலுக்கு வெளியே இருந்த மேகங்களைப் பார்த்தபடி 'போத் சைட்ஸ், நௌ' பாடலை எழுதத் தொடங்கினார். இந்தக் கதை பலரும் அறிந்ததே. ஆனால் நாவலில் அந்த இடத்தைப் பொறுமையாகப் படிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. சிறுவயதில் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்து மேகங்களில் கனவு கண்டவன், இப்போது மேலிருந்து குனிந்து பார்த்துக் கனவு காண்கிறான். முந்தைய எந்தத் தலைமுறைக்கும் வாய்க்காத இந்தக் காட்சி வாய்த்தவனுக்குச் சாவை ஏற்றுக்கொள்வது சுலபமாக இருக்க வேண்டும் என்று அவன் எண்ணம் ஓடுகிறது. பெல்லோவின் வாக்கியம் மேகத்தில் தொடங்கி மரணத்தில் போய் முடிகிறது. மிட்செல் அந்த மரணத்தைத் தொடவில்லை. மேகத்திலிருந்து காதலுக்கும், காதலிலிருந்து வாழ்க்கைக்கும் நகர்ந்து, ஒவ்வொன்றையும் இரு பக்கமும் பார்த்த பிறகும் தனக்கு அது உண்மையில் பிடிபடவில்லை என்று முடிக்கிறார். நாவலில் வரும் அரசனுக்கும் சிங்கத்துக்கும் பாடலில் இடமே இல்லை. ஒரு முழு நாவலில் அவருக்குத் தேவைப்பட்டது அரை வாக்கியம்தான்.

அந்த அரை வாக்கியம் என் தேடலின் திசையையே மாற்றியது. ஒரு கலைஞர் எதை விரும்பினார் என்பதைவிட, விரும்பியதில் எந்த இடத்தில் நின்றார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்று அப்போது உறுதியாயிற்று.

பாடலை வாசிக்க உட்கார்ந்தபோது கிட்டாரின் சுருதியை மாற்ற வேண்டியிருந்தது. ஒன்பதாம் வயதில் தாக்கிய போலியோ மிட்செலின் இடக்கையைப் பலவீனப்படுத்திவிட்டதால், வழக்கமான கார்டுகளை, அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் விரல்பிடிகளை, பிடிப்பதைவிடக் கம்பிகளையே வேறு சுருதிக்கு மாற்றிக்கொள்வது அவருக்கு ஏற்றதாக இருந்தது. வழக்கமாக, தடித்த கம்பியில் தொடங்கி இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி சேர்ப்போம். அதில் ஏ கம்பியையும் டி கம்பியையும் அப்படியே விட்டுவிட்டு மற்ற நான்கையும் இறக்கி டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று வைத்தால், எந்த விரலையும் வைக்காமல் மீட்டினாலே தெளிந்த, பிரகாசமான ஒலியுள்ள ஒரு முழு மேஜர் கார்டு ஒலிக்கிறது. இந்த அமைப்பில், எல்லாக் கம்பிகளின் சுருதியையும் ஒருசேர உயர்த்தும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டு இப்பாடலை வாசிக்கும்போது இரண்டு மூன்று கம்பிகள் தம்புராவைப் போல அடியில் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டே இருக்க, மேலே விரல்கள் மாற்றும் ஓரிரு சுரங்கள் ஒவ்வொரு கார்டையும் முழுமையடையாமல் தொங்கவிடுகின்றன. தன்னுடைய கார்டுகளில் ஒரு கேள்விக்குறி இருப்பதாக மிட்செல் சொல்லியிருக்கிறார். அதை முன்பே படித்திருந்தேன் என்றாலும், காதால் கேட்டுக்கொண்டே கையாலும் உணர்ந்தபோதுதான் அது எனக்குச் சொந்த அனுபவமாயிற்று. பிடிபடவில்லை என்று சொல்லும் பாடலுக்கு வேறு எந்தக் கார்டும் பொருந்தாது.

இப்பாடலை முதலில் பிரபலமாக்கியவர் ஜூடி காலின்ஸ். மிட்செல் தானே பாடிய வடிவம் 1969இல் 'க்ளௌட்ஸ்' ஆல்பத்தில் வந்தது. பிறகு 2000இல், வின்ஸ் மெண்டோசாவின் இசைக்கோவையில் பெரிய ஆர்கெஸ்ட்ராவுடன் மீண்டும் பாடினார். இரண்டையும் நாவலைப் படித்த பிறகு அடுத்தடுத்துக் கேட்டேன். முதல் பதிவில் குரல் மெல்லியதாக உயரத்தில் பறக்கிறது. வாழ்க்கையைப் பற்றிய கடைசிச் சரணமும் அந்த வயதுக்குரிய யூகமாகவே ஒலிக்கிறது. இரண்டாவது பதிவில் குரல் வெகுவாக இறங்கி, கரகரத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் சற்றுத் தயங்கி வருகிறது. வரிகள் ஏறக்குறைய அவையேதான். ஆனாலும் பெல்லோவின் வாக்கியத்திலிருந்து இளமையில் அவர் விட்டுவந்த அந்த இரண்டாவது பாதி இப்போது குரல் வழியாக உள்ளே வந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

அடுத்து திரைப்படம். 1953இல் வந்த 'தி ஸ்டோரி ஆஃப் த்ரீ லவ்ஸ்' மூன்று தனிக்கதைகளைக் கொண்டது. முதல் கதையில் மொய்ரா ஷியரர் பாலே நடனக் கலைஞராக வருகிறார். அவருக்குப் பின்னால் ஒலிப்பது பகானினியின் மெட்டை வைத்து ராக்மனினோவ் 1934இல் பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக இயற்றிய ராப்சடி என்ற இசைக்கோவை. சிறுமியாக இப்படத்தைப் பார்த்த மிட்செலை ஆட்கொண்டது கதையல்ல, அந்த இசை. இசைத்தட்டை வாங்க வழியில்லாமல், கடையில் தட்டுகளைப் போட்டுக் கேட்கும் சிற்றறைக்குப் போய் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டதாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். படம் இன்று பார்க்கச் சற்று நிதானமாகவே நகர்கிறது. மற்ற இரண்டு கதைகளை நான் மறுபடி பார்க்கப் போவதில்லை. ஆனால் ராப்சடியின் 18ஆவது பகுதியைப் பல மாலைகள் விடாமல் கேட்டேன். பகானினியின் மெட்டு மேலேறும் இடங்களில் இது கீழிறங்குகிறது, அது இறங்கும் இடங்களில் இது ஏறுகிறது, சோகச் சாயலுள்ள மைனர் சுரவரிசை மேஜராகிறது, வேகம் தணிகிறது. இரண்டையும் ஒரே கம்பியில் மெதுவாக அடுத்தடுத்து வாசித்தால், படபடப்பான ஒரு சிறு மெட்டுக்குள் இத்தனை ஏக்கம் ஒளிந்திருந்ததா என்று வியப்பு உண்டாகிறது. ஒரு சிறுமி இதற்காகக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போனதில் ஆச்சரியமே இல்லை.

நான் மிக அதிக நேரம் செலவழித்தது ஆல்பத்தில்தான். லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ், ராஸ் என்ற மூவர் குழுவின் 'தி ஹாட்டஸ்ட் நியூ குரூப் இன் ஜாஸ்' ஆல்பத்தின் பாடல்கள் முழுவதையும் இளம்வயதில் மனப்பாடமாக வைத்திருந்ததாகவும், அவர்களே தன்னுடைய பீட்டில்ஸ் என்றும் மிட்செல் சொல்லியிருக்கிறார். இவர்கள் செய்தது, ஜாஸ் கலைஞர்கள் கருவியில் கற்பனையாக வாசித்த தனி வாசிப்புகளைச் சுரம் பிசகாமல் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் அசை வீதம் சொற்களை நிரப்பிப் பாடுவது. வார்டல் கிரே 1949இல் பதிவுசெய்த சாக்ஸபோன் வாசிப்புக்கு ஆனி ராஸ் 1952இல் எழுதிய 'ட்விஸ்டெட்' இதற்குத் தலைசிறந்த உதாரணம். மனநல மருத்துவரிடம் ஒரு பெண் பேசும் பேச்சாக அமைந்த அந்தப் பாடலை வாய்க்குள் வரவழைக்க நான் முதலில் கிரேயின் வாசிப்பை மட்டும் கேட்டு முணுமுணுத்தேன். அது படிந்த பிறகு சொற்களைச் சேர்த்தேன். மூச்சு எடுக்கும் இடம் பாடுகிறவருக்கு ஏற்றதாக இல்லை, சாக்ஸபோன்காரர் எடுத்த இடமாகவே இருக்கிறது. அந்த ஒரு நெருக்கடியால்தான் பாட்டு பேச்சைப் போல ஆகிறது: நாம் பேசும்போதும் வாக்கியத்தின் நடுவில், எண்ணம் ஓடும் வேகத்தில்தான் மூச்சு விடுகிறோம்.

மிட்செல் 'ட்விஸ்டெட்' பாடலைத் தன் 1974ஆம் ஆண்டு ஆல்பமான 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்'கின் கடைசியில் அப்படியே பாடியிருக்கிறார். ஆனால் உண்மையான செல்வாக்கு அந்த மரியாதையில் இல்லை என்பது என் கருத்து. அது 1976இல் வந்த 'ஹெஜிரா'வில், குறிப்பாக 'கொயோட்டி' பாடலில் இருக்கிறது. சி, ஜி, டி, எஃப், சி, இ என்று சுருதி சேர்த்த கிட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்க, அதன்மீது வரிகள் தாளக்கட்டுக்கு முன்னும் பின்னும் வழிந்து, ஒரு வரியில் எட்டு அசை, அடுத்ததில் இருபது அசை என்று நிரம்புகின்றன. ஜாகோ பஸ்டோரியஸின் பேஸ் கிட்டார் துணைநிற்பதோடு நில்லாமல் இன்னொரு குரலாகப் பதில் சொல்கிறது. 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' என்ற இசை நிகழ்ச்சிப் படத்தில் இதை அவர் மேடையில் பாடுவதைப் பார்த்தால், சொற்கள் குவியும் இடத்தில் முகத்தில் எந்தப் பதற்றமும் தெரிவதில்லை. கருவிக்காக உருவான வரிகளை இளமையிலேயே நாக்கில் ஏற்றிக்கொண்டவருக்கு அது இயல்பாகிவிட்டது என்றே நினைக்கிறேன். இதே படத்தில் நீல் யங் பாடும் 'ஹெல்ப்லெஸ்' பாடலுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து நிழலுருவாக அவர் கொடுக்கும் உயர்ந்த குரலையும் கேட்கத் தவறக் கூடாது.

கவிதைகளை விரைவாகவே கடந்தேன், ஒன்றைத் தவிர. யேட்ஸின் 'தி செகண்ட் கமிங்' கவிதையை விரித்து 1991இல் அவர் பாடிய வடிவம் கம்பீரமானது, ஆயினும் மூலத்தின் இறுக்கம் அதில் தளர்ந்துவிட்டது. கிப்ளிங்கின் 'இஃப்' கவிதையை 2007இல் 'ஷைன்' ஆல்பத்தில் எடுத்தாண்டபோதோ முடிவில் கை வைத்தார். ஒவ்வொரு நிமிடத்தையும் அறுபது விநாடி ஓட்டத்தால் நிரப்பச் சொல்லும் கிப்ளிங்கின் வரியை, அறுபது விநாடி வியப்பாலும் மகிழ்ச்சியாலும் நிரப்பச் சொல்வதாக மாற்றினார். விரும்பிய கவிதையில் தனக்கு உடன்பாடில்லாத இடத்தையும் இவ்வளவு துல்லியமாகக் காட்ட முடியும் என்பது எனக்குப் பெரிய பாடம்.

பிறகு எதிர்த்திசையில், அவரிடமிருந்து மற்றவர்கள் எடுத்தவற்றின் பக்கம் திரும்பினேன். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் 1987ஆம் ஆண்டுப் பாடலான 'தி பாலட் ஆஃப் டோரதி பார்க்கர்' கதையில் வானொலியில் பாடுவது ஜோனிதான். மிட்செலின் 'ஹெல்ப் மீ' பாடலின் வரி அங்கே நேரடியாகவே வருகிறது. ஆனால் 'எ கேஸ் ஆஃப் யூ' பாடலைப் பிரின்ஸ் பியானோவில் பாடும்போது மிட்செல் மீட்டிய டல்சிமர் என்ற கம்பிக்கருவியும் இல்லை, அவருடைய உச்சரிப்பும் இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் மௌனத்தை விடும் துணிச்சல் மட்டும் இருக்கிறது. ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹேன்காக் அதைவிடத் தூரம் போனார். 2007இல் வந்த 'ரிவர்: த ஜோனி லெட்டர்ஸ்' ஆல்பத்துக்காக வாத்தியக் கலைஞர்களிடம் பாடல் வரிகளைக் கொடுத்து, அவற்றின் பொருளைப் பேசிய பிறகே வாசிக்க வைத்தார். மிட்செலை உருவாக்கியவை என்று சாக்ஸபோன் கலைஞர் வேய்ன் ஷார்ட்டரின் 'நெஃபர்டிட்டி'யையும் ஜாஸ் இசையமைப்பாளர் எலிங்டனின் 'சாலிட்யூட்'டையும் அதிலேயே சேர்த்தார். அந்த ஆல்பம் அடுத்த ஆண்டு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. வாத்தியத்துக்குச் சொல் கொடுத்த மூவரிடம் கற்றவரின் சொற்கள், கடைசியில் ஷார்ட்டரின் சாக்ஸபோனுக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இதை நான் திட்டமிட்டுத் தேடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனதில் தானாகக் கிடைத்தது.

இப்போது கையில் இருப்பது 'அமேலியா'. 1937இல் விமானத்துடன் மறைந்துபோன விமானி அமேலியா இயர்ஹார்ட்டை விளித்துப் பாடும் பாட்டு. பேஸ் கிட்டார் இல்லை, லாரி கார்ல்டனின் கிட்டாரும் விக்டர் ஃபெல்ட்மனின் வைப்ரஃபோன் என்ற உலோகத் தட்டுக் கருவியும் மட்டுமே கூட வருகின்றன. சி, ஜி, சி, இ, ஜி, சி என்ற சுருதிக்கு ஆறு கம்பிகளையும் இறக்க வேண்டியிருப்பதால், சாதாரணக் கம்பிகள் தளர்ந்து இரைச்சலிடுகின்றன. தடித்த கம்பிகளை மாட்டியிருக்கிறேன். கார்டுகள் படிந்துவிட்டன. ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் திரும்ப வரும் வரியை ஒவ்வொரு முறையும் வேறு எடையில் சொல்வதுதான் இன்னும் வசப்படவில்லை. அது வந்த பிறகு ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கை எடுக்கப் போகிறேன். மிட்செலுக்கு மரியாதையாகப் பலர் பாடி 2007இல் வந்த ஆல்பத்தில் அவர் பாடிய 'தி போஹோ டான்ஸ்' பாடலிலிருந்து தொடங்கி, மிட்செலின் எந்த இடத்தில் அவர் நின்றார் என்று பார்க்க வேண்டும்.