சாமான் ஏற்றுவதற்கு முன் காற்றைப் பாருங்கள்

திருகோணமலையில் எந்த டயர் கடைக்கு முன்னால் நின்றாலும் இது காதில் விழும். "எவ்வளவு அடிக்கிறது?" என்று கடைக்காரர் கேட்பார், "எல்லாத்துக்கும் முப்பது அடிங்க அண்ணன்" என்று பதில் வரும். காருக்கும் அதே முப்பது, கூரை மேல் சாமான் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போகிற வானுக்கும் அதே முப்பது. இந்தப் பழக்கம் எனக்குப் பெரிய கவலை. வண்டியின் பாரத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு அந்தக் காற்றுக்குத்தான், ரப்பருக்குச் சின்னப் பங்குதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர் ஏறிய சின்னக் கார் மொத்தம் 1000 கிலோ என்று வையுங்கள், ஒரு சில்லுக்கு 250 கிலோ வரும். கடைக்காரர் அடிக்கிற முப்பது என்பது 30 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அழுத்தம். அப்படியென்றால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறக்குறைய 2.1 கிலோ அழுத்தம். 250ஐ 2.1ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 120 சதுர சென்ரிமீற்றர். டயர் வீதியைத் தொடுகிற இடம் அவ்வளவுதான், ஒரு உள்ளங்கை அளவு. (டயரின் சுவரும் கொஞ்சம் தாங்கும், அதனால் கணக்கு அச்சொட்டாக வராது.) பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது, மழையில் நிற்பது எல்லாம் அந்த நான்கு இடங்களை நம்பித்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று இருக்கிறது. காற்று எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தள்ளும். டயர் மாட்டியிருக்கிற உலோக வளையமான ரிம்மைக் கீழிருந்து மேலே எவ்வளவு தள்ளுகிறதோ அதே அளவு மேலிருந்து கீழேயும் தள்ளும். அப்படியென்றால் ரிம்மைத் தூக்கி வைத்திருப்பது எது? விடை டயரின் பக்கச் சுவரில் இருக்கிறது. ரப்பருக்குள் நைலோன் அல்லது பொலியெஸ்டர் நூல்கள் ஓடுகின்றன, ரிம்மோடு சேருகிற விளிம்பில் உருக்குக் கம்பி வளையம் இருக்கிறது. காற்று அடித்ததும் நூல்கள் இறுகி, ரிம்மைச் சுற்றிவர எல்லாப் பக்கமும் வெளியே இழுக்கும். பாரம் இறங்கியதும் தரையைத் தொடுகிற பகுதியில் சுவர் பிதுங்கும், அங்கே ரிம்மைக் கீழே இழுக்கிற இழுவை குறையும், மேல் பாதியின் இழுவை அப்படியே இருக்கும். ஆக, ரிம் தொங்கிக்கொண்டிருப்பது மேல் பாதியில்தான். சில்லு ஒருமுறை சுற்றும்போது சுவரின் ஒவ்வொரு இடமும் ஒருதடவை பிதுங்கி மறுபடி இறுகுகிறது, ஓடுகிற நேரம் முழுக்க இதே வேலைதான். காற்றுக் குறைந்தால் பிதுங்கல் கூடும், ரப்பரும் நூலும் மடிந்து மடிந்து சூடாகும், அந்தச் சூட்டில் நூலை விட்டு ரப்பர் பிரியும்போதுதான் டயர் வெடிக்கிறது. கச்சான் காற்று வீசி வீதியே கொதிக்கிற மாதங்களில், பாரமும் வேகமும் சேர்ந்தால் இதற்கு அதிக நேரம் வேண்டாம்.

பாரம் ஏறினால் உள்ளே காற்றும் தானாக இறுகிக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. டயருக்குள் இருக்கிற இடம் பாரத்தால் மிகச் சிறிதளவுதான் குறையும், அதனால் அழுத்தம் ஏறக்குறைய பழையபடியே இருக்கும். கூடுவது தரையைத் தொடுகிற பரப்பும் சுவரின் பிதுங்கலும் மட்டும்தான். ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு இரவில் தம்புள்ளைப் பக்கம் புறப்படுகிற தம்பிமாரே, காற்றைக் கூட்ட வேண்டியது நீங்கள்தான், அதுவும் புறப்படுவதற்கு முன்பு. எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரிகிற சீட்டில் இருக்கும். யப்பானிலிருந்து வந்த வண்டிகளில் அந்தச் சீட்டு யப்பான் எழுத்தில்தான் இருக்கும், ஆனால் எண்கள் புரியும். கிலோபாஸ்கலில் போட்டிருப்பார்கள், 100 கிலோபாஸ்கல் என்பது 14.5 பி.எஸ்.ஐ. டயரின் சுவரில் அழுத்தம் என்று பொறித்திருப்பது உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். அப்புறம் அதே சுவரில் 145/80 ஆர்12 74 என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். கடைசியில் வருகிற 74 என்றால் அந்த ஒரு டயர் 375 கிலோ வரை தாங்கும் என்று அர்த்தம். வண்டியின் மொத்தப் பாரத்தை நினைத்து அந்த எண்ணை ஒருதடவையாவது பாருங்கள்.

காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்து நிற்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு. வெப்பம் 5 அல்லது 6 பாகை ஏறினாலே அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. கூடும், ஓடிவந்த டயரில் நாலைந்து கூடத் தெரிவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து வழியில் காற்றைத் திறந்துவிட்டால், டயர் ஆறியதும் தேவைக்குக் கீழே போய்விடும்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் ரிம் திரும்பும், பிறகு சுவர் முறுகும், தரையைப் பிடித்திருக்கிற ரப்பர் பக்கவாட்டில் இழுபடும், அந்த இழுபாடுதான் வண்டியை வளைவுக்குள் தள்ளுகிறது. காற்றுக் குறைந்த சுவர் தளர்ந்துபோய், திருப்புவதற்கும் திரும்புவதற்கும் இடையே ஒரு தாமதம் வரும். முன் சில்லில் குறைந்தால் வண்டி வளையாமல் நேராகப் போகப் பார்க்கும். பின் சில்லில் குறைந்தால் பின்புறம் அலையும், இதுதான் அதிகம் பயப்பட வேண்டியது. காற்றைக் கூட்டிவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை, அளவுக்கு மிஞ்சினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், பள்ளத்தில் வண்டி துள்ளும்.

ஒரு சில்லின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காகாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். வளைவில் பாரம் வெளிப்பக்கச் சில்லுகளுக்குச் சாயும்போது, உட்பக்கச் சில்லு இழந்ததை வெளிப்பக்கச் சில்லு முழுதாக ஈடுசெய்வதில்லை. சாமான் உயரத்தில் இருந்தால் சாய்கிற பாரமும் கூடும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் இருக்கிற காட்டு வீதியை நினைத்துப் பாருங்கள், இரவில் யானையோ மாடோ திடீரென்று முன்னால் நிற்கும், பிரேக்கும் பிடித்து ஸ்டியரிங்கையும் வெட்ட வேண்டி வரும். டயரிடம் இருப்பது ஒரே பிடிமானம், அதைத்தான் இரண்டுக்கும் பங்கு போடுகிறது. அங்கே மெதுவாகப் போங்கள் என்று நான் கெஞ்சுவது அதனால்தான்.

தம்பலகாமத்து வயலில் உழவு இயந்திரத்துக்குக் காற்றுக் குறைவாக இருப்பது நல்லது, பரப்பு விரிந்து சேற்றில் புதையாது. அதே சில்லோடு பாரம் இழுத்துக்கொண்டு தார் வீதியில் வேகமாக ஓடுவது வேறு கதை. நிலாவெளிப் பக்கம் வீதியில் படிந்திருக்கிற கடல் மணலும் அப்படித்தான், டயருக்கும் தாருக்கும் நடுவில் உருளும், மோட்டார் சைக்கிள்காரர்கள் அங்கே சாய்த்து வெட்டாதீர்கள்.

மாரி மழையில் காற்றழுத்தமும் டயரின் வெட்டும் (தரையைத் தொடுகிற ரப்பரில் இருக்கிற பள்ளங்கள்) சேர்ந்துதான் தண்ணீரை விலக்குகின்றன. 1960களில் நாசா விமானச் சில்லுகளை வைத்துக் கண்ட ஒரு கணக்குப்படி, ஆழமான தண்ணீரில் 30 பி.எஸ்.ஐ. உள்ள டயர் ஏறக்குறைய மணிக்கு 90 கிலோமீற்றரில் மிதக்கத் தொடங்கும், 20 ஆகக் குறைந்தால் 75க்குள்ளேயே மிதக்கும். வெட்டுக்களுக்கு நடுவே சின்ன மேடுகள் தெரியும், அவை 1.6 மில்லிமீற்றர் உயரம். தேய்ந்து அந்த மட்டத்துக்கு வந்த டயரோடு மழைக்குள் இறங்க வேண்டாம்.

இரண்டு புது டயர்தான் வாங்கக் காசு இருக்கிறது என்றால் எங்கள் ஆட்கள் அதை முன்னுக்குப் போடச் சொல்வார்கள். நான் பின்னுக்குத்தான் போடச் சொல்வேன், என்ஜின் முன் சில்லை இழுக்கிற கார் என்றாலும் கூட. முன் சில்லு சறுக்கினால் ஸ்டியரிங் இலேசாவதில் தெரியும், எக்ஸிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் மறுபடி பிடிக்கும். பின் சில்லு சறுக்கினால் வண்டி சுழலும், ஈரத்தில் அதைத் திருப்பிக் கொண்டுவருகிற கைப்பழக்கம் நம்மில் பெரும்பாலானோருக்கு இல்லை.