ஒப்புதல் விவாதத்தை வாதத் தொடராகப் படியுங்கள்

புதுச்சேரியில் அரசியல் அறிவியல் முதுகலை படித்தபோது, அமெரிக்க அரசமைப்பு வரைவை மாநிலங்கள் ஏற்கலாமா என 1787-88இல் நடந்த ஒப்புதல் விவாதத்தை ஆதரவாளர், எதிர்ப்பாளர் என்று இரு பத்தி அட்டவணையாக்கி மனப்பாடம் செய்வதே எங்கள் வகுப்பில் வழக்கமாக இருந்தது. குறுவினாவுக்கு அது போதும். ‘விமர்சன நோக்கில் ஆராய்க’ என்ற நெடுவினாவுக்குப் போதாது. ரோமன் ரோலந்து நூலகத்தில் அமர்ந்து அந்த வாதங்களைக் கால வரிசையில் எழுதிப் பார்த்தபோதுதான், ஒவ்வொன்றும் இன்னொன்றுக்கு மறுமொழியாக எழுந்தது என்பது எனக்குத் தெளிவாயிற்று.

1787 செப்டம்பரில் வர்ஜீனியாப் பிரதிநிதி ஜார்ஜ் மேசன், பிலடெல்பியா மாநாட்டில் உருவான வரைவில் கையெழுத்திட மறுத்தார். அதில் குடிமக்களின் உரிமைகளைப் பட்டியலிடும் உரிமைப் பிரகடனம் இல்லை என்பது அவருடைய தலையாய ஆட்சேபம். அக்டோபரில் வரைவின் ஆதரவாளரான ஜேம்ஸ் வில்சன், மத்திய அரசுக்கு வழங்கப்படாத அதிகாரம் எதுவும் அதற்கு இல்லையாதலால் தனிப் பிரகடனம் தேவையற்றது என்றார். உடனே ‘புரூட்டஸ்’ என்ற புனைபெயரில் எழுதிய எதிர்ப்பாளர், அப்படியானால் ஆட்கொணர்வு உரிமை (காவலில் உள்ளவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் உரிமை) போன்ற சிலவற்றை மட்டும் வரைவிலேயே குறித்துக் காத்திருப்பது எதனால் என்று கேட்டார். என் கணிப்பில் விவாதம் முழுவதிலும் இதுவே மிகக் கூர்மையான கேள்வி. விடைத்தாளில் இதைத் தவறவிடாதீர்கள். 1788இல் அலெக்சாண்டர் ஹாமில்டன், வரைவை ஆதரித்து எழுதப்பட்ட கூட்டாட்சிக் கட்டுரைகளின் 84ஆவதில், உரிமைகளைப் பட்டியலிட்டால் வழங்கப்படாத அதிகாரமும் அரசுக்கு இருப்பதாகப் பொருள்பட்டுவிடும், ஆகவே பட்டியலே ஆபத்தானது என்று வாதிட்டார். அரசமைப்பு ஏற்கப்பட்டபின் ஜேம்ஸ் மேடிசன் 1789இல் முன்வைத்த உரிமைத் திருத்தங்களுள் ஒன்பதாவதாக நிலைபெற்றது, பட்டியலில் இல்லாத உரிமைகள் மறுக்கப்பட்டதாகக் கொள்ளக் கூடாது என்கிறது; பட்டியல் பற்றிய அந்த அச்சத்துக்குச் சட்டமே அளித்த விடை அது.

மாநிலங்களின் ஒப்புதல் மாநாடுகளில் பதிவான வாக்கு எண்ணிக்கைகளில் மாசசூசெட்ஸை (ஆதரவு 187, எதிர்ப்பு 168) மட்டுமாவது நினைவில் வையுங்கள். ஒப்புதலோடு திருத்தப் பரிந்துரைகளையும் சேர்த்து அனுப்பும் வழியை அந்த மாநிலம்தான் திறந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் கீழூரில் 1954இல் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்ததை அறிந்த நம் ஊர் மாணவர்க்கு, பிரதிநிதிகளின் வாக்கு தரும் ஏற்பு எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது இணைப்பு பற்றிய வாக்கெடுப்பு. இந்த விடையில் அதைக் கலக்க வேண்டாம்.

இந்தியாவுடன் ஒப்பிடச் சொன்னால், நம் அரசமைப்பை அரசியல் நிர்ணய சபையே 1949 நவம்பர் 26இல் ஏற்றது, அது மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பப்படவில்லை, அடிப்படை உரிமைகள் தொடக்கத்திலேயே மூன்றாம் பகுதியில் இடம்பெற்றன என்று எழுதுங்கள். மேடிசன் முன்வைத்தவற்றிலிருந்து 1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பத்துத் திருத்தங்கள் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தவில்லை என 1833இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும், நமது 12ஆவது உறுப்பு, அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்ட ‘அரசு’ என்பதற்குள் மாநில அரசுகளையும் சேர்த்திருப்பதையும் அருகருகே வைத்து எழுதுங்கள்.