செட்டிநாட்டுச் செம்மண்ணில் ஒயின் திராட்சை

செட்டிநாட்டுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் ஆயிரம் ஜன்னல் வீட்டையும் ஆத்தங்குடித் தரையையும் எழுதிவிட்டார்கள். நானும் பார்த்தேன், அழகுதான். ஆனால் வீடு திரும்பிய கையோடு எழுத உட்கார வைத்தது வேறொன்று. கானாடுகாத்தானுக்கு அப்பால் ஒரு பெரியவர் ரசாயனம் இல்லாமல் ஒயின் திராட்சை வளர்க்கிறார். எங்கே தங்குவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் வரை பஸ்ஸில் சில்லறைக் காசுதான். அங்கிருந்து தோட்டத்துக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் 500 ரூபாய் வாங்கினார். திரும்பும்போது சவாரி கிடைக்காதாம். 250 கொடுத்திருந்தால்கூட நியாயம் என்பேன். ஒரு நாள் சாப்பாட்டுப் பணம் அந்தப் புழுதிச் சாலையிலேயே போய்விட்டது.

அரை ஏக்கர் பந்தல். சிறுசிறு கொத்துகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. ஷிராஸ் ரகம், வறட்சியையும் உப்பையும் தாங்கும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியது. “திராட்சை வேண்டுமென்றால் கம்பத்துக்குப் போ என்று ஊரே சொன்னது, தம்பி” என்றார் பெரியவர். ஊர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் அவர் கணக்கு வேறு. இலை ஈரமாக இருந்தால்தான் அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய் பிடிக்கும். இங்கே ஆண்டில் பெரும்பகுதி இலையில் ஈரமே இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியில் கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், பூவும் பிஞ்சும் வறண்ட மாதங்களில் வந்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. அதற்குப் பிறகுதான் தொல்லைகள் வரிசையாக வருகின்றன.

குளிர்காலமே இல்லாத ஊரில் கொடிக்கு உறக்கம் கிடையாது. கவாத்துக்குப் பின் மொட்டுகள் ஒரே சீராக வெடிக்க, மற்ற தோட்டங்களில் ஹைட்ரஜன் சயனமைடு என்ற ரசாயனத்தைத் தடவுகிறார்கள். இயற்கை விவசாயத்தில் அதற்கு அனுமதி இல்லை. அதனால் ஒரு கிளை முந்துகிறது, இன்னொன்று பிந்துகிறது. அறுவடைக்கு நாலைந்து முறை ஆள் வைக்க வேண்டும். அடுத்தது சாம்பல் நோய், இது வேறொரு பூஞ்சை. அதற்கு மழை தேவையில்லை. கந்தகம் அனுமதிக்கப்பட்ட மருந்துதான், ஆனால் வெயில் 32 டிகிரியைத் தாண்டும்போது தெளித்தால் இலை கருகும். இங்கே பிப்ரவரிப் பகலே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது! ஆகவே கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கையால் கிள்ளி, காற்றும் வெளிச்சமும் புக வழி செய்கிறார்கள். கூலிச் செலவு எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இயற்கை விவசாயம் என்றால் எதையும் தெளிக்காமல் விட்டுவிடுவது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்தப் பந்தலுக்குக் கீழே நிற்க வேண்டும். கோடை மழை ஒன்று தப்பிப் பெய்தால்கூட அடிச்சாம்பலைத் தடுக்க போர்டோ கலவை தேவைப்படுகிறது. 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (செம்பு உப்பு), ஒரு கிலோ சுண்ணாம்பு. 1880-களில் பிரான்சின் போர்டோ பகுதியில் பிறந்த இந்த மருந்தை இயற்கை விவசாயிகள் இன்றும் நம்பியிருக்கிறார்கள். ஆனால் செம்பு மட்காது, மண்ணிலேயே தங்கி மண்புழுவைப் பாதிக்கும். அதனால் ஐரோப்பாவில் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புதான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பெரியவர் ஒவ்வொரு தெளிப்பையும் நோட்டில் எழுதி வைக்கிறார். அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்கு அவர்மீது பெரும் மதிப்பு வந்தது.

இத்தனையும் செய்து பழத்தைக் காப்பாற்றினாலும் இரவு வெப்பத்தை யாரால் தணிக்க முடியும்? ஒயின் திராட்சைக்குப் பேர்போன நாசிக்கின் உயரமும் குளிர்ந்த இரவுகளும் இங்கே இல்லை. சர்க்கரை ஏறும் வேகத்தில் புளிப்பு இறங்கிவிடுகிறது. புளிப்பு இல்லாத ஒயின் சப்பென்று இருக்கும். அதற்காகவே கொஞ்சம் முன்னதாகப் பறிக்கிறார்.

மதியம் பெரியவர் வீட்டு ஆச்சி இலை போட்டார். கல்பாசி மணக்கும் கோழிக் குழம்பு, எண்ணெய்க் கத்தரிக்காய், மாங்காய்ப் பச்சடி, கடைசியில் தேங்காய்ப்பூ தூவிய கவுனி அரிசி. “இன்னும் கொஞ்சம் வைக்கிறேன், கூச்சப்படாதீர்கள்” என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். முந்தைய இரவு காரைக்குடி உணவகம் ஒன்றில் 450 ரூபாய் கொடுத்துச் சாப்பிட்டது வெறும் காரம். செட்டிநாட்டுச் சமையலின் பெயரைக் கெடுப்பது அப்படிப்பட்ட கடைகள்தான்.

சாப்பிட்டு எழுந்தபோது காரில் ஒரு குடும்பம் வந்தது. கிலோ 150 ரூபாய் என்றதும் கொட்டை இருக்கிறது, தோல் தடிமன், கடையில் இதைவிட மலிவு என்று அடுக்கினார்கள். ஒயின் திராட்சை அப்படித்தான் இருக்கும். சாயமும் துவர்ப்பும் தோலிலும் கொட்டையிலும்தானே இருக்கின்றன! ஒயின் தயாரிக்க உரிமம் வேண்டும், அது அவரிடம் இல்லை. ஆகவே பழமாகவும் சாறாகவும் விற்கிறார். பல்லாண்டுப் பயிருக்கு இயற்கைச் சான்றிதழ் பெற மூன்று ஆண்டு மாறுகாலம் உண்டு. அதுவரை செலவு இயற்கை விவசாயத்துக்கு உரியது, கிடைப்பதோ சாதாரண விலை. பேரம் பேசுகிறவர்கள் தயவுசெய்து அங்கே போகாதீர்கள்.

தங்க காரைக்குடிதான் கட்டுப்படியாகும். கானாடுகாத்தான் மாளிகை விடுதிகள் என் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. பழம் வேண்டுமென்றால் மே தொடக்கத்துக்குள் போய்விடுங்கள், பையும் கொண்டு போங்கள். அங்கே பிளாஸ்டிக் தரமாட்டார்கள்.