குழைக்கிறவர் ஒருவர், கழுவுகிறவர் ஒருவர்

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம், ஒரு வீட்டின் முதல் மாடியில் நடக்கும் சின்ன ப்ளே ஸ்கூலில் வேலை பார்க்கிறேன். எல்லாம் இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகள். முற்றமோ மரத்தடியோ கிடையாது. படி இறங்கினால் ஷேர் ஆட்டோவும் பைக்கும்தான். அதனால் களிமண், சாயம், மாவு என்று கை கால் அழுக்காகிற விளையாட்டு எதுவானாலும் ஹாலுக்குள்ளேயே நடந்தாக வேண்டும். மதியம் பாய் போட்டுப் பிள்ளைகள் தூங்குவதும் அதே ஹாலில்தான். பதினொன்றரை மணிக்குச் சேறாகக் கிடக்கிற தரை, ஒரு மணிக்குப் படுக்கிற தரையாக மாறியிருக்க வேண்டும்.

இந்த மாதிரி விளையாட்டைப் பற்றிப் பேச வருகிறவர்கள் விரல்களுக்கு வலு, தொடு உணர்வு, கற்பனை என்றுதான் ஆரம்பிப்பார்கள். எல்லாம் சரி. ஆனால் எங்கள் ஹாலில் இன்று எது, நாளை எது என்று தீர்மானிப்பது தண்ணீரும் பாத்ரூம் மூலையில் தரைத் தண்ணீர் வடிகிற நானி டிராப்பும். அப்புறம் ஆயாம்மா.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். சென்னைக் குடிநீர் வாரியம் விடுகிற மெட்ரோ வாட்டரை விடியற்காலையில் அடிபம்ப்பில் அடித்து டிரம்மில் பிடித்து வைப்பதுதான் எங்கள் தெரு வழக்கம். போர் தண்ணீர் உப்பு. அதில் தரையைத் துடைத்தால் காய்ந்த பிறகு டைல்ஸ் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஆகவே நல்ல தண்ணீரைக் கணக்காகச் செலவழிக்க வேண்டும். மூன்று பேசின் வைப்போம். முதலாவதில் சும்மா கை அலசல், இரண்டாவதில் சோப்பு, மூன்றாவதில் நல்ல தண்ணீர். முதல் பேசின் தண்ணீரை வீணாக்குவதில்லை, பேனரைத் துடைக்க அதுதான். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறோம். கழுவுவதும் துடைப்பதும் முடிந்த கையோடு மூன்று பேசினையும் கவிழ்த்துவிட வேண்டும். தவழ்கிற, தத்தி நடக்கிற குழந்தைக்கு நாலு விரல் ஆழத் தண்ணீரே ஆபத்து.

பேனர் என்றது, தரையில் விரிக்கிற ஃப்ளெக்ஸ் பேனரைத்தான். இந்த ஏரியாவில் தார்ப்பாயைவிட அது சுலபமாகக் கிடைக்கும். காதுகுத்து, கல்யாணம், தலைவர் பிறந்தநாள் என்று எது முடிந்தாலும் ஒன்று மிஞ்சும். தலைவர் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே. எந்தக் கட்சி என்று நாங்கள் பார்ப்பதில்லை. நாலு பக்கமும் பழைய புடவையைச் சுருட்டி வரப்பு மாதிரி வைத்து, பேனரின் ஓரத்தை அதன்மேல் ஏற்றிவிட்டால் தண்ணீர் வெளியே ஓடாது. ஈரம் பட்டால் வழுக்கும் என்பதால் அதன்மேல் நிற்கக் கூடாது, உட்கார்ந்துதான் விளையாட வேண்டும். எழுந்து வருகிற பிள்ளையின் காலை வரப்புக்கு உள்ளேயே கழுவித் துடைத்து வெளியே தூக்கி வைப்போம். இதை விட்டால் பாத்ரூம் வரைக்கும் சின்னச் சின்னப் பாதங்களாகப் பதிந்திருக்கும். பார்க்க அழகுதான், துடைக்கிறவருக்கு இல்லை.

என்ன கொடுப்பது என்பது பெரிய பஞ்சாயத்து. வெளியூர் வீடியோக்களில் சாயம் போட்ட அரிசியைத் தொட்டி நிறையக் கொட்டி அளைய விடுகிறார்கள். இங்கே அது எடுபடாது. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றுவிட்டுப் பேத்தியை அழைக்க வருகிற பாட்டி, அரிசி காலில் மிதிபடுவதைப் பார்த்தால் என்ன சொல்வார்? அவர் பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி. பருப்பும் வேண்டாம், அதற்குக் காரணம் வேறு. மூக்கில் திணித்துக்கொண்டால் ஈரத்தில் ஊறிப் பருத்துவிடும், டாக்டர்தான் எடுக்க வேண்டும். தண்ணீரில் ஊறி உருண்டையாகிற கலர் ஜெல் மணிகளும் வாசல்படி ஏறக் கூடாது. விழுங்கினால் குடலுக்குள் போய் ஊதி அடைத்துக்கொள்ளும்.

மைதாவில் உப்பு போட்டுப் பிசைகிற மாவை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். நகக்கண்ணில் சின்னக் கீறல் இருந்தாலும் உப்பு எரியும், பிள்ளை வீறிடும். வாயில் போட்டுக்கொள்கிற வயசுக்கு அவ்வளவு உப்பும் ஆகாது, பச்சை மைதாவும் ஆகாது. மூலையில் ஒரு துணுக்கு தப்பினால் போதும், ராத்திரி எறும்பு, கரப்பான், சமயத்தில் எலி.

எனக்குப் பிடித்தது கார்ன் ஃப்ளோர். மாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. ஓங்கிக் குத்தினால் கல்லாக நிற்கும், சும்மா கையில் ஏந்தினால் விரலிடுக்கில் ஒழுகும். அழுத்தம் வேகமாக வந்தால் மாவுத் துகள்கள் ஒன்றோடொன்று முட்டி இறுகிவிடுகின்றன. மெதுவாக வந்தால் இடையிலிருக்கும் தண்ணீர் வழிவிடுகிறது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை, அவர்களாகவே குத்திக் குத்திக் கண்டுபிடித்துவிடுவார்கள். காய்ந்த மாவைக் கொட்டும்போது மட்டும் ஃபேனை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் அந்தக் கொஞ்ச நேரமே பெரிய தவம்.

இதைச் சுத்தம் செய்வதுதான் எல்லோரையும் ஏமாற்றும். பார்த்த உடனே ஈரத் துணி எடுக்கத் தோன்றும். எடுத்தால் கஞ்சி போட்ட மாதிரி தரை முழுக்க இழுபடும். விட்டுவிட வேண்டும், காயட்டும். காய்ந்ததும் பழைய ஐ.டி. கார்டால் சுரண்டி, துடைப்பத்தால் கூட்டினால் பொடியாக வந்துவிடும். பேனரை நாலு ஓரமும் உள்பக்கமாக மடித்துத் தூக்கிக் குப்பைக் கவருக்குள் உதற வேண்டும். நானி டிராப்பில் ஊற்றினால் அடியில் படிந்து இறுகும், பிளம்பர் வந்தால்தான் விடிவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் காயாது, மறுநாளே புளித்த வாடை. அந்த மாதங்களில் மாவு கிடையாது.

களிமண்ணை, சதுர்த்தி சமயத்தில் பிள்ளையார் விற்கிறவர்களிடம் மொத்தமாக வாங்கிக்கொள்வோம். அதையும் சாக்கடைக்கு விடுவதில்லை. சேற்றுத் தண்ணீரை ராத்திரி முழுக்க வாளியில் தெளியவிட்டு, மேல் தண்ணீரைத் துளசித் தொட்டிக்கு ஊற்றிவிட்டால் அடி மண் மறுபடி விளையாட்டுக்கு. சாயமென்றால் போஸ்டர் கலரில் கொஞ்சம் சோப்புத் திரவம் கலந்துவிடுவோம், துணியிலிருந்து சீக்கிரம் போகும். மஞ்சள்தூள் கறை போகவில்லை என்று சண்டைக்கு வருகிற அம்மாக்களுக்கு ஒரே பதில்: வெயிலில் போடுங்கள். சோப்பு பட்டு அது சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆவதுதான்.

கடைசியில் கிருமி வேலை. சோப்பு போட்டுத் துடைத்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைசல், அழுக்கின் மேலேயே ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துபோகும். அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டில் வேறு அலமாரியில். இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு.

இதில் பாதிக்கு மேல் ஆயாம்மா சொல்லித் தெரிந்தது. ஆனால் எந்த விளையாட்டு என்று திட்டம் போடுகிற கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை. வாட்ஸ்ஆப் குரூப்பில் போகிற போட்டோக்களில் நீலக் கையும் சிரிப்புமாகப் பிள்ளைகள் இருப்பார்கள், பக்கத்தில் நான் இருப்பேன். தரை துடைக்கிற படம் ஒன்றுகூட இருக்காது. துடைப்பவரைக் கேட்காமல் போட்ட திட்டம் எதுவும் எங்களிடம் ஒரு மாதத்துக்கு மேல் நிலைத்ததில்லை. அவர் முகம் சுண்டும், எனக்குக் கேட்கவே கூச்சமாகிவிடும், பிள்ளைகள் மறுபடி கிரேயானோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

1939இல் அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்திய மரியா மாண்டிசோரியின் முறையில், மேசை துடைப்பதும் ஸ்பாஞ்சால் தண்ணீரை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் பிள்ளைகளுக்கான பயிற்சிகளே. நாங்களும் ஆளுக்கொரு ஸ்பாஞ்ச் கொடுக்கிறோம். வேலை குறையாது, சொல்லப்போனால் கூடும். ஆனால் அதிலும் அதே ஆனந்தம் அவர்களுக்கு.

இப்போதெல்லாம் முதல் நாள் சாயங்காலமே ஆயாம்மாவைக் கேட்டுவிடுகிறேன். போன வாரம் கேட்டபோது, "நாளைக்குத் தண்ணி வராதுன்றாங்க மிஸ். மண்ணும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேப்பர் குடுத்துக் கிழிக்கச் சொல்லு" என்றார். மறுநாள் ஒரு மாதத்துப் பழைய செய்தித்தாள் முழுவதும் கந்தலானது. கூட்டி மூட்டையாகக் கட்டிப் பழைய பேப்பர் கடைக்கு எடுத்துப் போனோம். கிழிந்த பேப்பருக்கு விலை பாதிதான் என்றார் கடைக்காரர். ஆயாம்மா பேரம் பேசிக் கொஞ்சம் ஏற்றினார், அந்தக் காசில் இரண்டு ஸ்பாஞ்ச் வாங்கினோம்.