ஐந்தடிக் குழாய்

மார்ச் 3, திங்கள்
எஞ்சினைப் படகிலிருந்து கழற்றி, லயத்துக்குப் பின்னால் மரக்கட்டையில் மாட்டினேன். 15 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். புகைக்குழாயை மாற்றி இழுவையைக் கூட்ட வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியில். வீட்டில் இருந்தால் தொட விட்டிருக்க மாட்டார்.

மார்ச் 4, செவ்வாய்
அப்பாவுக்கு இருமல் குறையவில்லை.

மார்ச் 6, வியாழன்
தம்பி பழைய ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிளின் சேம்பரை, நடுவில் உப்பிய புகைக்குழாயை, தூக்கிக்கொண்டு வந்தான். "இதையே ஒட்டிடலாம் அண்ணே." உட்கார வைத்து விளக்கினேன். சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும்போது கூடவே ஓர் அழுத்த அலையும் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து மிச்சப் புகையை இழுக்கும். குறுகும் இடத்தில் முட்டித் திரும்புவதோ, வெளியே வழிந்த புதுப் பெட்ரோல் கலவையைச் சிலிண்டரின் புகைவாசல் மூடுவதற்குள் உள்ளே தள்ளும். எல்லாம் நேரக் கணக்குதான். நிமிடத்துக்கு 5000 சுற்றில், வாசல் 180 பாகை, அதாவது அரைச் சுற்று, திறந்திருப்பது 6 மில்லி விநாடி. சூடான புகையில் அலை விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். ஆக 3 மீட்டர். போகவும் வரவும் சேர்த்து என்பதால் குழாய் ஒன்றரை மீட்டர், ஐந்தடி! மோட்டார் சைக்கிள் இதைவிட வேகமாகச் சுற்றுவது, அதன் சேம்பர் நமக்குக் குட்டை. தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சின் காலோ 20 அங்குலம். எப்படி அடக்குவது?

இரவு தூக்கமே இல்லை. ஐந்தடி, ஐந்தடி.

மார்ச் 7, வெள்ளி
அப்பாவை நிறுத்துப் பார்த்தார்களாம். 51 கிலோ.

மார்ச் 9, ஞாயிறு
காலுக்குள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வெளியே எடுத்து மேல்நோக்கி வளைத்தாயிற்று. திருப்பும்போது எஞ்சினோடு குழாயும் திரும்ப வேண்டுமே, அதனால் படகில் எங்கேயும் தொடவில்லை. தகட்டைக் கூம்பு கூம்பாக நான் வெட்டித் தர, செம்பனை ஆலையில் வேலை செய்யும் மாமா வெல்டிங் வைத்தார். குளிர்விக்கும் தண்ணீர் பழையபடி கால் வழியாகவே இறங்கட்டும். அது குழாய்க்குள் வந்தால் புகை ஆறிவிடும், அலை மெதுவாகும், போட்ட கணக்கெல்லாம் வீண்.

மார்ச் 10, திங்கள்
வெல்டிங் முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்
நிபோங் தெபாலில், கிரியான் ஆற்றில் இறக்கினோம். தம்பியும் வலையும் ஏறியதும் 3500-ஐத் தாண்டவே இல்லை. முன்பைவிட மோசம். அழுகை வந்துவிட்டது. அப்புறம் வலையை இறக்கி, தம்பியையும் கரையில் விட்டுவிட்டுத் தனியாக எடுத்தேன். 4500 வந்ததும் பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் படகு சீறியது. அந்தச் சத்தத்தை அப்பா கேட்க வேண்டும்.

கணக்குப் போட்ட சுற்றுக்குப் பக்கத்தில்தான் இந்தக் குழாய்க்கு உயிர். பாரம் ஏறினால் புரொப்பெல்லர் அதுவரை ஏற விடாது. பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், குறைந்தது வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை பெரிதான ஜெட் போடாவிட்டால் பிஸ்டன் உருகிவிடும்.

மார்ச் 13, வியாழன்
அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை ஆளுக்கு ஏறுது?"

"ஒரு ஆளுக்குப்பா."

ரொம்ப நேரம் பேசவில்லை.

மார்ச் 14, வெள்ளி
49.

மார்ச் 15, சனி
ஜெட் கிடைத்தது. புரொப்பெல்லர் இரவல். முன்பலகையில், அப்பா உட்காரும் இடத்தில், பத்து கிலோ அரிசிப் பை ஐந்தை அடுக்கி எடுத்துப் பார்த்தேன். ஏறியது. 4600.