அவ புத்தகத்தப் படிச்சாளா, என்னப் படிச்சாளா

"நீங்க கதையச் சொல்லிட்டீங்க டீச்சர். அவ உங்களப் படிக்கிறா, புத்தகத்தப் படிக்கல." பெரிய டீச்சர் இத கோவமாக்கூட சொல்லல, அட்டென்டன்ஸ்ல கையெழுத்து போட்டுக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்குத்தான் இன்னும் செரிக்கல.

அவன்னு சொன்னது மூணாம் வகுப்புப் பொண்ணு, அரசுப் பள்ளி எண்ணும் எழுத்தும் திட்டத்துல மலர் நிலை, அதாவது அரும்பு, மொட்டு தாண்டி மேல் நிலை. பாடம் கலங்கரை விளக்கம் பத்தி. எங்க பிள்ளைகளுக்கு ஊருணி தெரியும், கண்மாய் தெரியும், கடல் தெரியாது, தேவகோட்டைல பஸ் ஏறினா தொண்டி ஒண்ணும் பெரிய தூரமில்ல, ஆனா யாரு கூட்டிட்டுப் போறா. அதனால படத்தக் காட்டி, ராத்திரி கப்பல் வரும், மேல லைட் சுத்தும், வழி காட்டும்னு எல்லாம் பேசிட்டுதான் படிக்கச் சொன்னேன்.

விரல வச்சு கடகடன்னு படிச்சா. ஒரு வரில "இங்கே வராதே என்று விளக்கு கப்பலுக்குச் சொல்கிறது"ன்னு இருக்கு. அவ "இங்கே வா என்று"ன்னு படிச்சுட்டு நிக்காமப் போயிட்டா. "ஏத்தா, வான்னா போட்டுருக்கு?"ன்னேன். "பெரிய வீட்டுல லைட் எரிஞ்சா ஆளு வந்துருக்காக டீச்சர், அப்பத்தா கூட்டப் போகும்"னா. வருஷம் பூரா பூட்டிக் கெடக்குற வீடு, கல்யாணம் திருவிழான்னா தொறப்பாக, அவளுக்கு வெளக்குன்னா அதான். எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பிள்ளை யோசிக்குதேன்னு. இத ஸ்டாஃப் ரூம்ல பெருமையா சொல்லப்போய்தான் அந்த வார்த்தை.

அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. கண்ணு முன்னாடி "ராதே" இருக்கு, பிள்ளை பாக்கல. ஆனா நானும் சும்மா பேசல. "கொண்டு"ன்னு ஒரு வார்த்தை, கொம்பு முன்னால நிக்குது, கால் பின்னால நிக்குது, சத்தம் நடுவுல இருக்குற எழுத்துல ஆரம்பிக்குது, இதையெல்லாம் கோத்து ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள தொடக்கம் மறந்துபோகுது. கதை என்னன்னு முன்னாடியே கொஞ்சம் தெரிஞ்சா அந்த பாரம் கொறையும்ல? இன்னொண்ணு, துறைமுகத்துக்கு வழி காட்டி கூப்பிடுற வெளக்கும் இருக்கத்தானே செய்யுது, அப்ப அவ சொன்னது முழுத் தப்புமில்ல. இத பெரிய டீச்சர்கிட்ட சொல்லல, வக்கீல் மாதிரி பேசுறேம்பாங்க.

சரின்னு அடுத்த பாடத்துக்கு ஒரு வார்த்தை பேசல. பனி பெய்யிற ஊரு கதை. ஒரு எழுத்து பிசகாம படிச்சா, ண ன கூட சுத்தம். "கதை எங்கத்தா நடக்குது?"ன்னேன். "இருபதாம் பக்கத்துல டீச்சர்"னா.

எத நல்லா படிச்சதுன்னு சொல்றது? டெஸ்ட் வச்சா ரெண்டாவதுக்குத்தான் மார்க். எனக்கு மொதல்ல படிச்சதுதான் படிப்பு மாதிரி தோணுது, ஆனா நாளைக்கு மருந்து பாட்டில்ல "குடிக்காதே"ன்னு இருந்து, இவ "குடி"ன்னு படிச்சான்னா? இந்த நெனப்பு வந்தா பெரிய டீச்சர் பக்கம் சாஞ்சுடுறேன்.

இப்ப படத்தக் காட்டி கேள்வி மட்டும் கேக்குறேன், பதில் சொல்றதில்ல, படிச்சுக் கண்டுபிடிங்கன்னு விட்டுடுறேன். ரெண்டு நாள் பாத்துட்டு ஒரு பய கேக்குறான், "டீச்சர், நீங்க இத படிக்கவே இல்லையா?" வகுப்பே சிரிக்குது. பெரிய டீச்சருக்குத் தெரிஞ்சா "பாத்தீங்களா"ம்பாங்க. எதப் பாக்கச் சொல்றாங்கன்னு அவங்களுக்கும் தெரியாதுன்னுதான் நெனக்கிறேன்.