ஒரே உடம்பு, ஆளுக்கொரு கணக்கு

மாசி மாதத்தில் வெறும் வயிற்றில் பார்த்த இரத்தச் சீனி 112 என்று வந்தது. நீரிழிவின் வாசற்படி என்றார் வைத்தியர். என்னால் ஏற்க முடியவில்லை. வயது 47, உயரம் 168 சென்ரிமீற்றர், நிறை 66 கிலோ, கைகால் மெலிந்த உடம்பு. உடற்திணிவுச் சுட்டி 23.4தான். 25 வரை பயமில்லை என்றல்லவா கேள்விப்பட்டிருந்தேன்! ஆசியர்களுக்கு 23இலேயே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொல்லிவிட்டது என்றார் அவர். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தக் கணக்குக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது என்றும் சொன்னார்.

அன்றைக்கே கொழுப்பு வீதம் காட்டும் மின்தராசு ஒன்றை வாங்கினேன். விடியற்காலை ஏறினால் 24.6, மாலையில் 22.1. ஒரு பகலுக்குள் இரண்டரை வீதம் கரையுமா? அந்தத் தராசு கொழுப்பை நேரே பார்ப்பதில்லை. ஒரு பாதத்தால் மெல்லிய மின்னோட்டத்தை ஏற்றி, மறு பாதத்தால் வாங்கி, வழியில் எவ்வளவு தடை என்று அளக்கிறது. நீர் நிறைந்த தசை மின்சாரத்தை விடும், கொழுப்பு மறிக்கும். பகலில் கால்களுக்கு நீர் இறங்கிவிட்டால் தடை குறைகிறது, கணக்கும் மாறுகிறது. அதைவிட முக்கியம், மின்னோட்டம் பெரும்பாலும் கால்களுக்குள்ளேயே சுற்றி வருவது. என் கால்கள் மெலிந்தவை. கொழுப்பு இருந்ததோ வயிற்றில். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தத் தராசில் ஏறவே கூடாது.

அக்காவின் மகன் உடற்கல்வி ஆசிரியர். மட்டக்களப்புக் கல்லடியில் அவர் வீட்டு விறாந்தையில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். “மாமா, கையைத் தளர விடுங்கள்” என்று சொல்லி, மேற்கையின் முன்புறம், பின்புறம், தோட்பட்டை எலும்பின் கீழ், இடுப்பெலும்பின் மேல் என நான்கு இடங்களில் தோலைக் கிள்ளித் தூக்கி, தோல் மடிப்பின் தடிப்பை அளக்கும் இடுக்கியான கலிப்பரால் பிடித்தார். 7, 12, 22, 19. கூட்டினால் 60 மில்லிமீற்றர். டேர்னின், வொமர்ஸ்லி என்ற இருவர் 1974இல் வெளியிட்ட அட்டவணையில் என் வயதுக்கு அது 27 வீதக் கொழுப்பு. அடுத்த வாரம் அவருடைய நண்பர் அளந்தபோது கூட்டுத்தொகை 71 ஆனது. கொழுப்பு ஏறத்தாழ 29 அரை. கிள்ளும் விரல் மாறினால் விடையும் மாறுகிறது. தோலுக்குக் கீழே உள்ளதைத்தான் கலிப்பர் பிடிக்கும். குடலையும் ஈரலையும் சுற்றிக் கிடப்பது அதற்கு எட்டாது.

இருவகைச் சக்தியுள்ள எக்ஸ்ரே கதிர்களால் உடற்கொழுப்பை அளக்கும் டெக்சா ஸ்கானுக்குக் கொழும்புக்குப் போகவா என்று வைத்தியரிடம் கேட்டேன். “அது நல்ல பரிசோதனைதான். ஆனால் உங்களுக்கு இப்போது தேவையில்லை. இடுப்பை அளந்தீர்களா?” என்றார்.

என் காற்சட்டை 34 அங்குலம், அதுவே என் இடுப்பு என்று இத்தனை வருடமும் எண்ணியிருந்தேன். தையற்காரர் அளப்பது தொப்பைக்குக் கீழே. தாதி என் கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் பேனையால் ஒரு புள்ளி இட்டார். நாடாவை நிலத்துக்குச் சமாந்தரமாகச் சுற்றினார். என்னை அறியாமலே வயிற்றை உள்ளிழுத்திருக்கிறேன். “மூச்சை விடுங்கள் ஐயா, இயல்பாக” என்றார். 94 சென்ரிமீற்றர். தெற்காசிய ஆண்களுக்கு 90தான் எல்லை. உயரத்தில் பாதி என்று பார்த்தாலும் 84ஐத் தாண்டக் கூடாது. நான்கு அளவைகளிலும் என் சீனிக்குக் காரணம் சொன்னது இது ஒன்றுதான்.

அதன்பின் இராச்சோற்றைப் பாதியாக்கினேன். தயிருக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்தினேன். தயிருக்குப் பேர்போன ஊரல்லவா, மட்டக்களப்பானுக்கு அது இலேசான காரியமில்லை. விடிய ஐந்து மணிக்குப் பழைய கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்றோடு நடக்கிறேன். ஞாயிறு காலை, சாப்பிடும் முன், அதே இடத்தில், அதே நாடாவால் அளந்து கொப்பியில் எழுதுகிறேன். ஆறு மாதத்தில் நிறை ஒன்றரைக் கிலோதான் குறைந்தது, மின்தராசின் கணக்கு அரை வீதம்கூட அசையவில்லை. நாடா 89 காட்டியது. சீனி 101க்கு இறங்கியது.

போன ஞாயிறு நான் எழுதி முடித்ததும் மனைவி நாடாவைக் கேட்டு வாங்கினார். பெண்களுக்கு எல்லை 80. அவருக்கு 86 இருந்தது. கொப்பியில் தனக்கும் ஒரு கோடு போடச் சொன்னார்.